அக்கா வளர்த்த பூச்சி

1. என் அக்காவின் விரல் இடுக்குகளில் சிரங்கு வந்தது.
2. அதிலிருந்து சில பூச்சிகளை ஊசிமுனையில் எடுத்து, ஆல்கஹாலில் போட்டு, மதுரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.
3. அவளுக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் போடவில்லை.
4. தீபாவளி சீசனில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது.
5. அவளுடைய மகளுக்கு அரிக்க ஆரம்பித்தது.

வரிசை இவ்வளவுதான். எழுதும்போதெல்லாம் மூன்றாவதில் நின்றுவிடுகிறேன்.

அப்போது நான் சிரங்குப் பூச்சியின் மரபணுக்களை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எட்டுக் கால்கள், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உடம்பு. மனிதத் தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அதைக் கொல்ல அந்தக் காலத்தில் கந்தகம்தான் பூசுவார்கள். தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அக்கா நாள் முழுக்கக் கந்தகம் கலந்த வெடிமருந்தில்தான் கை வைத்திருந்தாள். அந்தக் கையில் இது எப்படிப் பிழைக்கிறது? விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம் எடுத்த பூச்சியும் இதுவும் ஒரே வம்சமா? இதுதான் என் கேள்வி.

“இம்புட்டுப் படிச்சு, கடைசியில என் சொறியத்தான் பாக்க வந்தியாக்கும்?” என்றாள் அக்கா, கையை நீட்டிக்கொண்டே. நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது.

“ஆடாதக்கா. ஊசி குத்திரும்.”

“கந்தகத்துலயே கெடக்கவளுக்குச் சொறி வராதுன்னு எங்க போர்மேன் அடிச்சுச் சொன்னாரு. மொதல்ல அவரப் பிடிச்சு ஆராய்ச்சி பண்ணு.”

எடுத்த பூச்சிகளில் கிடைத்த டிஎன்ஏ போதவில்லை. போனில் பேசும்போது அதைச் சொன்னேன்.

“தீவாளிக்கு வருவேல்ல? நெறைய எடுத்துக்கோ. ஊருல கோழி வளக்காக, ஆடு வளக்காக. நான் என் தங்கச்சிக்குப் பூச்சி வளக்கேன்.”

சிரித்துவிட்டு, களிம்பைப் போடு, வேறு யாரிடமாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றாள்.

தீபாவளிக்கு முன்பே ஊருக்குப் போகவேண்டி வந்தது. அக்காவைச் சுற்றியிருந்த துணியை விலக்க எங்களை விடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்காவின் மகள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் சேர்த்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. “சித்தி, அரிக்குது” என்று விரல்களை விரித்துக் காட்டினாள். இடுக்கில் அதே மெல்லிய கோடுகள்.

அம்மாவிடம் களிம்பு எங்கே என்று கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். மூடியின் சீல்கூட உடைக்கவில்லை.

“அக்கா போடலையா?”

“போட்டா பூச்சி செத்துரும், நீ வந்து ஏமாந்துருவன்னுட்டா. ராவெல்லாம் சொறிவா, ஆத்தா. நான் வஞ்சேன். கேக்கல.”

குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவளுக்கு எங்கன இருந்து வந்துச்சு?” என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தொட்டவுடன் இது ஒட்டாது. தோலோடு தோல் வெகுநேரம் சேர்ந்திருக்க வேண்டும். முதல்முறை வரும்போது அரிப்புத் தெரியவே சில வாரங்கள் ஆகும். இந்தப் பிள்ளை எப்போதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும்.

“அப்ப அவ கையில இருந்து வந்ததா?”

“ஆமாம்மா.”

“உசுரோடயா இருக்கு?”

“இருக்கு.”

அம்மா குழந்தையின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். “மருந்த நாளைக்குப் போடேன் தாயி” என்றாள்.

பூச்சிகளைப் பற்றி அத்தனை ஆண்டுகள் படித்த எனக்கும் நாளைக்குப் போடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் குழந்தை சொறிந்து சொறிந்து மணிக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. பையிலிருந்து ஊசியை எடுத்தேன். அக்கா எனக்காக வைத்திருந்ததில் மிச்சம் இது. வீணாக்க மனம் வரவில்லை. சிலவற்றை எடுத்துக் குப்பியில் போட்டேன். பிறகு சீலை உடைத்து, கழுத்திலிருந்து பாதம்வரை குழந்தைக்குக் களிம்பு பூசினேன். வீட்டில் எல்லோரும் பூச வேண்டும் என்பதால் அம்மாவுக்கும் பூசிவிட்டேன். அம்மா முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

குழந்தைக்குச் சிரங்கு ஆறிவிட்டது. என் அம்மாவோடு இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கையில் எடுத்த பூச்சிகள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. டிஎன்ஏ வேண்டுமென்றால் அவற்றை அரைக்க வேண்டும். நான் இன்னும் அரைக்கவில்லை. ஆய்வேட்டில் அந்த ஓர் அத்தியாயம் மட்டும் பாக்கி.