நெல்லிமேட்டு நைட் ஹால்ட்

அமிர்தராஜ் தாலி கட்டியது பாலக்கரை பேட்ரிசியாவுக்கு, குடித்தனம் நடத்துவது பச்சமலையோடு என்று டெப்போவில் கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மை. துறையூரிலிருந்து சாயங்காலம் கிளம்பும் கடைசி பஸ் மலையேறி நெல்லிமேட்டில் ராத்திரி தங்கும். காலை ஐந்தரைக்கு இறங்கும். இதற்குத்தான் நைட் ஹால்ட் என்று பெயர். டிரைவர்கள் நாலு மாதம் தாக்குப்பிடித்தால் அதிகம். கண்டக்டர் அமிர்தராஜ் மட்டும் பதினொரு வருஷமாக, ஒருநாள் விட்டு ஒருநாள், அந்த மலைக்குடிசையில் படுத்து எழுகிறார்.

குடிசை என்றால் மண்சுவர், தகரக்கூரை, இரண்டு கயிற்றுக்கட்டில், ஒரு பல்ப். பஸ்காரர்களுக்கென்று ஊர்க்காரர்களே கட்டியது. ராத்திரிச் சாப்பாடு வீட்டுமுறை. இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. யார் முறை என்று அமிர்தராஜ் கேட்டதே இல்லை. எட்டு மணிக்குத் தூக்குச்சட்டி வந்துவிடும். மழை பெய்தால் கட்டிலை எந்த மூலைக்கு இழுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. இதை அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் பேட்ரிசியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் வெளியூர் போனபிறகு ராத்திரியில் அவள் மட்டும்தான் வீட்டில்.

இந்த ஆடியில் ஒரு செய்தி வந்தது. நெல்லிமேட்டு ஹால்ட் தேவையா என்று பார்க்க ஒரு அதிகாரி வருகிறார். ஒரு ராத்திரி தங்கி, காலை பஸ்ஸில் தலை எண்ணுவார். இருபத்தைந்துக்குக் குறைந்தால் ஹால்ட் ரத்து. அப்புறம் மலைக்கு முதல் பஸ் காலை பத்து மணிக்குத்தான். பலாப்பழமும் மரவள்ளியும் சந்தை கலைந்த பிறகு போய்ச் சேரும். காலேஜ் பிள்ளைகள் பாடு சொல்ல வேண்டியதில்லை.

பேட்ரிசியாவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"மாதா கண்ணத் தொறந்துட்டாங்க. வரும்போது மலையில கெடக்கிற கம்பளியையும் சுருட்டி எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள்.

அமிர்தராஜ் சரி என்று தலையாட்டினார். ஐம்பத்தாறு வயசு, மழைக்கு வலிக்கிற முழங்கால். வீட்டுக் கட்டில் அவருக்கும் கசக்கவில்லை.

நெல்லிமேட்டில் ஊர்ப்பெரியவர் பிச்சமுத்துவிடம், "நாளன்னிக்குப் பெரிய ஆபீசர் வராருங்க. அவருக்கு ஒரு கொறையும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். எண்ணத்தான் வருகிறார் என்பதைச் சொல்லவில்லை. எப்போதும் நாற்பது பேர் ஏறுகிற பஸ்தானே, சொல்ல என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். நிஜத்தில், வாய் வரைக்கும் வந்ததைப் பேட்ரிசியாவின் முகம் உள்ளே தள்ளிவிட்டது.

அதிகாரி ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர். ஃபேனுக்கடியில் வேர்த்தே பழகிய உடம்பு, மலைக்காற்று பட்டதும் வெடவெடத்தது. சாணம் மெழுகிய தரையையும் புதுக்கயிறு போட்ட கட்டிலையும் சந்தேகமாகப் பார்த்தார். கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, அமிர்தராஜ் கொடுத்த கம்பளிக்குள் புகுந்தவர் விடியும்வரை அசையவில்லை. அமிர்தராஜ்தான் வேட்டியைப் போர்த்திக்கொண்டு முழங்காலைத் தேய்த்தபடி கிடந்தார்.

ஐந்தரைக்கு டிரைவர் ரசூல் வண்டியை எடுத்தார். பஸ்ஸில் மூன்று பேர். ஊரே அடங்கிக் கிடந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று ரங்கநாதன் கேட்டார்.

"இல்லைங்க சார்" என்றார் அமிர்தராஜ். அதிகாரி நோட்டில் மூன்று கோடு போட்டார்.

மூன்றாவது வளைவு திரும்பியதும் விஷயம் புரிந்தது. தலையில் கூடையும் தோளில் பலாவுமாக நெல்லிமேடே ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது. ரசூல் ஹாரன் அடிக்க, ஓரமாக ஒதுங்கி, ஜன்னலில் இருந்த அதிகாரிக்கு ஒரு கும்பிடும் போட்டார்கள். அங்கே ஸ்டாப் கிடையாது. மேலதிகாரியை வைத்துக்கொண்டு ரசூல் நிறுத்தவும் மாட்டார். அமிர்தராஜ் சும்மா நின்றால் போதும். பஸ் தாண்டிவிடும், ஹால்ட் முடிந்துவிடும், இனி எல்லா ராத்திரியும் வீடு. பதினொரு வருஷத்தில் இவ்வளவு சுலபமான வேலை அவருக்கு வாய்த்ததில்லை.

ஒற்றை விசில் ஊதினார். பஸ் நின்றது.

ரங்கநாதன் எட்டிப் பார்த்தார். "யாருங்க இவங்கள்லாம்?"

"நம்ம பஸ்ல வர்றவங்க சார்."

பிச்சமுத்து ஜன்னலடிக்கு வந்தார். "நாங்க ஏறினா சந்தைக்கடையாட்டம் இருக்கும் சார். நீங்க சவுரியமாப் போவணும்னு கெழக்கு வெளுக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டோம். கண்டக்டர்தான் ஒங்களுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னாரு."

அமிர்தராஜுக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரியை ஏறெடுத்துப் பார்க்காமலே படிக்கட்டை விட்டு ஒதுங்கி நின்றார்.

"மொதல்ல ஏறுங்க எல்லாரும்" என்றார் ரங்கநாதன்.

அடிவாரம் வருவதற்குள் நோட்டில் நாற்பத்தொரு கோடு. மடியில் யாரோ வைத்த பலாப்பழத்தின் மேல் நோட்டை வைத்துத்தான் கடைசிக் கோடுகளைப் போட முடிந்தது. துறையூரில் இறங்கும்போது சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. "ஹால்ட் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் அமிர்தராஜ் வீட்டுக்கு வந்தார். பேட்ரிசியா பையை வாங்கித் திறந்தாள். துண்டு, டிபன்பாக்ஸ், வாழையிலையில் கட்டிய பலாச்சுளை. பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள்.

"கம்பளி எங்கங்க?"

"மலையிலதான் இருக்கு."

நடந்ததையெல்லாம் சொன்னார். விசில் ஊதியதை மறைக்கவில்லை. பேட்ரிசியாவுக்குக் கோபம்தான், சுளையைத் தட்டில் வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"யாரோ ஒரு ஆபீசருக்காக அவ்வளவு பேரு இருட்டுல நடந்திருக்காங்க" என்றாள். "ஒங்களுக்கு, எனக்காக ஒரு விசில் ஊதாம இருக்க முடியலை."