போர்வைக்குள் ஒரு பொத்தான்

எங்கள் அலுவலகத்தில் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்து வருடம் ஒரு மருத்துவமனையின் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனை எந்தப் பக்கம் என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, முப்பத்தெட்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். நிரல் எழுதும் எனக்கு அதில் கொஞ்சம் இளக்காரம். கொஞ்சம் என்ன, நிறையவே.

ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவுக்கு, அதாவது இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவுக்கு, ஒரு செயலி கேட்டார்கள். நாலு மணி நேரம் படுத்திருக்கும் நோயாளிக்குத் தலை சுற்றினால் போனிலேயே நர்ஸைக் கூப்பிட வேண்டும். அங்கே ஒரு தையல்கார அம்மா, குரல் எழும்பாமலே இரண்டு முறை மயங்கிப் போனவர். "இனிமே இங்க வரமாட்டேன், வீட்டுலயே கிடக்கிறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டாராம். வராவிட்டால் உயிர் தங்காது.

நான் சும்மா இருப்பேனா? ஏஐயிடம் சொல்லி அரை மணியில் இருபது திரை வரவழைத்தேன். அத்தனையும் கண்ணைப் பறித்தன. பிறகு அதையே இருபது நோயாளிகளாக நடிக்கச் சொல்லி அபிப்பிராயமும் கேட்டேன். இருபது பேரும் ஆகா ஓகோ என்றார்கள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நீயே சமைச்சு, நீயே சாப்பிட்டு, நீயே ஏப்பமும் விட்டுட்டியா தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, "எதுவும் வரையாதே. உனக்குத் தெரியாததையெல்லாம் முதலில் என்னிடம் கேள்" என்று ஏஐக்கு எழுதினார். பதினோரு கேள்வி வந்தது. ஊசி குத்தாத கை அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது ஏழாவது. அக்காவுக்கே தெரியவில்லை.

"அட, எப்படிக் கேக்குது பாரேன்!" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று நாள் வார்டில் உட்கார்ந்து கைகளை மட்டும் பார்த்தார். படுத்திருப்பவர்களுக்குக் குளிர்கிறது, அதனால் அந்தக் கை போர்வைக்குள் இருக்கிறது. திரை யார் கண்ணிலும் படப்போவதில்லை! என் இருபது அழகும் அம்போ.

அதைச் சொன்னதும் ஏஐ, முழுத் திரையையும் ஒரே பொத்தானாக்கலாம், நர்ஸ் அழைப்பைப் பார்த்ததும் நோயாளியின் கையிலேயே போன் அதிரலாம் என்றது. அக்கா துள்ளினார். ஆனால் அழுத்தியதும் 'நிச்சயமா?' என்று கேட்கலாம் என்றதை ஒரே அடியாக அடித்தார். "மயங்குறவங்க பதில் சொல்லிட்டு இருப்பாங்களா? தெரியாம விரல் பட்டுடாம இருக்க, ரெண்டு நொடி அழுத்திப் பிடிச்சா போதும்."

சோதனை நாளில் தையல்கார அம்மாவை மகள் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தாள். "இதான் கடைசி" என்று சொல்லித்தான் எங்கள் செயலி இருந்த போனோடு போர்வைக்குள் படுத்தார். இரண்டாம் மணி நேரத்தில் அவர் முகம் வெளுத்தது, கண் மூடியது, வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் ஓடி வந்துகொண்டிருந்தார். போர்வைக்குள் அந்தக் கட்டைவிரல் வேலையை முடித்திருந்தது.

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டதே ஏஐ, அதை நினைத்து வியப்பதா, பதில் தேடிப் போய் உட்கார்ந்தவரை நினைத்து வியப்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, மருந்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கண் விழித்தார். எங்களை யார் என்றுகூடக் கேட்கவில்லை. மகளைத்தான் தேடினார்.

"அடுத்தது புதன்கிழமைதானே? எத்தனை மணிக்கு வரணும்?"