ஐந்து பேர் பின்னால், ஒருவன் முன்னால்

ஃபுட்பால் என்று யார் வாயைத் திறந்தாலும் குறுக்கே பாய்ந்து பேசுகிறவன் நான். தற்காப்பு ஆட்டத்தைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் மட்டும் தலை தானாகக் குனிந்துவிடும். பன்னிரண்டு வயதில் அதைச் சொன்னவன் நான்தான். சொன்னதோடு நிறுத்தவும் இல்லை.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லைன் பையன்களுக்கு மாமாதான் கோச். அம்மாவின் தம்பி. வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போய்வருகிறவர், ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்கென்று வைத்திருந்தார். அந்த முறை ராபர்ட்சன்பேட்டை கடைவீதிப் பையன்களோடு ஆட்டம். அவர்கள் எங்களைவிட ஒரு தலை உயரம். பதினோரு பேருக்கும் பூட்ஸ். எங்களில் பூட்ஸ் போட்டவர்கள் மூன்றே பேர்.

மாமா தரையில் குச்சியால் கோடு போட்டார். கோலுக்கு முன்னால் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், நடுக்கோட்டில் ஒருவன். பந்து அவர்களிடமே இருக்கட்டும். ஆசையாசையாக எல்லோரும் ஏறி வருவார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மைதானம் காலியாகக் கிடக்கும். பந்தைப் பிடுங்கியதும் ஒரே உதை, ஒரே ஓட்டம். தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய மண் மலையாய்க் குவிந்த சயனைடு மேடு மைதானத்தை ஒட்டியே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து மண்ணை வாரிக்கொண்டு காற்று வீசும். முதல் பாதியில் அதை முகத்தில் வாங்கித் தாக்குப்பிடித்தால், அடுத்த பாதியில் காற்றே பந்தைச் சுமந்து போகும் என்பது அவர் கணக்கு.

முன்னால் நிற்கும் அந்த ஒருவன் மாமாவின் மகன். என்னைவிட ஆறு மாதம் சின்னவன். ஓட ஆரம்பித்தால் யாருக்கும் பிடிபடமாட்டான். அரசு விளையாட்டு விடுதிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்க பெங்களூரிலிருந்து ஒருவர் அந்த ஆட்டத்துக்கு வரப்போவதாக மாமா சொல்லியிருந்தார்.

"அவன் ஓடறத ஒரே ஒரு தபா அவரு பாத்தா போதும்பா" என்றார், எங்களைக் கேட்டுக்கொள்வதுபோல.

நான் ஐந்து பேரில் நடு ஆள். ஃபோனில் பெரிய கிளப்புகளின் ஆட்டமெல்லாம் பார்த்துத் தேறியவனைக் காவலுக்கு நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பாதி முழுக்கக் கண்ணிலும் பல்லிலும் மண். கோல் மட்டும் விழவில்லை. இரண்டாம் பாதியில் மாமா சொன்னபடியே அத்தனை பேரும் ஏறி வந்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற என் வகுப்புப் பையன், "இன்னாடா, ஆட வந்தியா, வாச்மேன் வேலைக்கு வந்தியா?" என்றான். சுற்றிலும் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் பந்து என் காலில். நிமிர்ந்தேன். மாமா மகன் ஒரு கையைத் தூக்கியபடி ஓடத் தொடங்கியிருந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பர் மட்டும்.

நான் உதைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒருவனைத் தாண்டினேன், இரண்டாமவன் பிடுங்கினான். நான் விட்டுவந்த இடத்தின் வழியாகவே கோல் விழுந்தது. அதோடு ஆட்டமும் போனது.

பையன்கள் கூடி நின்றபோது முதலில் பேசியவனும் நான்தான். பயந்தாங்கொள்ளி ஆட்டம் ஆடினால் இப்படித்தான் ஆகும் என்றேன். மாமா என்னை ஒரு கணம் பார்த்தார்.

"சரிப்பா. தப்பு என்னிதுதான். போய் தண்ணி குடிங்க."

வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். குழாயடியில் கால் கழுவும்போது மாமா மகன் மெதுவாகக் கேட்டான்.

"கைய தூக்கிகினேதான ஓடுனேன் மச்சான். பாக்கலியா?"

"கண்ணுல மண்ணு பூந்துச்சுடா."

பந்து என் காலில் இருந்தபோது காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது அவனுக்கும் தெரியும்.

"பரவால்ல" என்றான். "அடுத்த தபா கத்தறேன்."

பெங்களூர்க்காரர் பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மாமா அவர் பின்னாலேயே ஓடி, எங்கள் பக்கம் கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தோற்ற கோச் மரியாதைக்காக வழியனுப்புகிறார் என்று எண்ணிக்கொண்டு, நான் குழாயைத் திறந்து முகம் கழுவினேன்.