பதினெட்டு பர்சென்ட் தூக்கம்

காரின் கதவை இடுப்பால் மெல்ல அழுத்திச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியே உள்ளே ஒருமுறை எட்டிப் பார்க்கிறார் அலாரக்காரர். முன் ஸீட்டில் மனைவி தூங்குகிறார். மணி நாலரை. நூலகத்துக்கு எதிரே, சார்ஜ் ஏற்றும் கம்பத்தின் வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது அந்தச் சாம்பல் நிற மின்சாரக் கார்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவர். கட்டடங்களுக்குத் தீ அலாரம் மாட்டுவதும், அது ஒழுங்காக அலறுகிறதா என்று சோதிப்பதும் தொழில். காது கொஞ்சம் மந்தம், ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பேசுவதென்னவோ தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிதான்.

காரணம் அக்கா. அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இருபத்திரண்டு வருடம் நைட் டியூட்டி பார்த்த நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகு கட்டிலில் படுத்தால் பொட்டுத் தூக்கம் இல்லை. யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறதாம். மாத்திரை, வெதுவெதுப்பான பால், புதுத் தலையணை எல்லாம் பார்த்தாயிற்று. இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்த முதல் நாள், வீடு வந்து சேர்வதற்குள் ஸீட்டில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல. தண்ணி மேல போற மாதிரி இருந்துச்சு" என்றாராம் எழுந்ததும்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அக்காவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் சுற்றுகிறார். ஒரு நல்ல தூக்கத்துக்கு பாட்டரியில் பதினெட்டு பர்சென்ட் ஆகும் என்பது அவர் கணக்கு. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "நாப்பது இருக்கு தம்பி, ஏசி போடாம ஓட்டினா ரெண்டு நாள் தாங்கும்" என்பார்.

வாங்கும் முன்பே, சார்ஜுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நான் பாக்காத வயரா?" என்று சிரித்தார். வயர் மசிந்தது, குடியிருப்புச் செயலாளர் மசியவில்லை. கீழே ஒரு பிளக் பாயின்ட் கேட்டதற்கு, "இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்க சார்" என்றுவிட்டார். சரி என்று தன் சமையலறையிலிருந்து படிக்கட்டு வழியாக ஒரு நீள வயரை இறக்கினார். மிச்சம் இருந்ததை இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுருட்டிப் போட்டிருந்தார். அந்தச் சுருள் சூடேறிப் புகைந்தது. உடனே அவரே மாட்டிய அலாரம் ஊரைக் கூட்டியது. தலையில் சோப்பு நுரையோடு செயலாளர் இறங்கி வந்தார். நடுவில் நின்ற நம்மவர், "சத்தம் நல்லா வருதுல்ல?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்த குடியிருப்புக் கூட்டத்தில் பிளக்குக்காகக் கை தூக்கியது அவர் ஒருவர்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே இந்த ஒற்றைக் கம்பம்தான் கதி. ஒருநாள் அது வேலை செய்யாது. ஒருநாள் பெட்ரோல் கார் ஒன்று ஹாயாக அதை மறித்து நிற்கும். ஒருநாள் ஆப் பாஸ்வேர்டு கேட்டே கழுத்தறுக்கும். "இதுக்குச் செயலாளரே தேவல" என்பார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த நான் நூலகப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் ஒரு வண்டி கிளம்பினால் சாம்பல் கார் சத்தமின்றி ஒரு வண்டி நீளம் நகர்கிறது. கண்ணாடியில் இலை நிழல்கள் போகின்றன, வருகின்றன. உள்ளே அக்காவின் வலதுகை விரல்கள் இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கின்றன, தூக்கத்திலும் யாருக்கோ நாடி பார்ப்பதுபோல. எனக்கும் கண் சொருகியது.

ஆறே காலுக்கு அவர் முறை வந்தது. ஏழு மணிக்குக் கம்பத்தை அணைத்துவிடுவார்கள். பாட்டரியில் ஆறு பர்சென்ட். வீடு போய்ச் சேரவே நாலு வேண்டும். இன்று ஏற்றாவிட்டால் நாளைக்குச் சுற்றலும் இல்லை, தூக்கமும் இல்லை. வயரைக் கையில் எடுத்துவிட்டார். சொருகினால் டக்கென்று பூட்டும், காரின் விசிறி இரைய ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில்தான் அக்கா ஒவ்வொரு முறையும் பதறி எழுந்துகொள்வார்.

குனிந்து உள்ளே பார்த்தார். "நேத்து பூரா கண்ணே மூடல தம்பி" என்றார் என்னிடம், கிட்டத்தட்ட மூச்சாலேயே.

வரிசையில் அடுத்து நின்ற மின்சார டெலிவரி வேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "சார், போடுறீங்களா இல்லையா?"

அலாரக்காரர் திரும்பினார். ஒரு விரலை உதட்டில் வைத்தபடி, மறு கையால் வயரை வேன்காரரிடம் நீட்டினார்.