பிஷப்பு பாதியில் விட்ட தலை

சலூன்காரருக்குத் தெரு வைத்த பட்டப்பெயர் பிஷப்பு. பள்ளிக்கூடம் அவரை எட்டாவதோடு வழியனுப்பிவிட்டது. ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது எவனும் எதிர்த்துப் பேச மாட்டான் என்ற தைரியத்தில் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தே காலத்தை ஓட்டிவிட்டார். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

போதகர் வெளியூர் போகிறார், ஞாயிறு சபையில் பேச ஆள் வேண்டும் என்றதும் பிஷப்பின் கைதான் முதலில் எழுந்தது. பேச வேண்டியது பழைய ஏற்பாட்டில் ஒரு தீர்க்கதரிசி சொல்லும் கடவுளின் தாசனைப் பற்றி. அடிபடுகிறான், மற்றவர் பாவத்தைச் சுமக்கிறான், வாயே திறப்பதில்லை. இயேசு பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னால் எழுதியது. அது இயேசுதான் என்பதில் சபைக்குச் சந்தேகமில்லை, பிஷப்புக்கும் இல்லை. ஒரு மனுஷன் எப்படி வாயே திறக்காமல் இருப்பான் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

ஒத்திகைக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தவர் எதிர்க்கடை வாட்சு ரிப்பேர்காரர். யூதர், அந்தப் புத்தகத்தின் பழைய சொந்தக்காரர். மற்றவர்கள் முடி வளர்ந்தால் வருவார்கள். இவர் சும்மாவும் வந்து உட்காருவார். பிஷப்புக்குச் சினேகிதர் என்று சொல்லிக்கொள்ள இருந்தது இவர் ஒருவர்தான்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்றேன், ஆடாம கேளுங்க."

"கத்திய வெச்சுக்கிட்டு ஆடாதேங்கிற. எங்க ஆடுறது? சொல்லு."

இடது பக்கம் முடியும்வரை பேச்சு ஜோராக ஓடியது. அந்த வேகத்தில் வாய் தானாகப் போனது.

"உங்க வீட்டுப் புத்தகந்தான் அண்ணே. ஆனா உங்க ஆளுங்களுக்குத்தான் கடைசிவரைக்கும் அர்த்தம் புரியாமலே போயிடுச்சு."

வாட்சுக்காரர் எழுந்தார். கழுத்துத் துணியை உருவி, மடித்து நாற்காலியில் வைத்தார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறுபக்கம் காதை மூடியும் இருந்த தலையோடு தெருவைக் கடந்து போனார்.

செருப்புக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். "என்ன பிஷப்பு, பாதிதான் ரட்சிச்சீங்களா?"

வீட்டில் மனைவி அவ்வளவு நயமாகப் பேசவில்லை. "உங்க நாக்க வெட்ட ஒரு கத்தரி இல்லாமப் போச்சே. அந்தத் தலைய முடிக்காம சபையில ஏறிப் பேசினீங்க, நான் எழுந்து வெளிய போயிடுவேன்."

சனிக்கிழமை காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடை பூட்டியிருந்தது. அது அவர்களுடைய ஓய்வு நாள். புத்தகத்தையே விளக்கப் போகிறவருக்கு அது பூட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மனுஷன் இந்நேரம் ஜெபக்கூடத்தில், தன் ஜனங்களுக்கு நடுவில், அந்தத் தலையோடு உட்கார்ந்திருப்பார்.

பொழுது சாய்ந்து ஓய்வு நாள் முடிந்ததும் மறுபடி பெட்டியோடு போய் வாட்சுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பேச மாட்டேன் அண்ணே. வெட்டிட்டுப் போயிடறேன்."

வாட்சுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிஷப்பால் தாங்க முடியவில்லை.

"வேற கடைக்குப் போயிருக்கலாமே அண்ணே."

"உன் வேலைய இன்னொருத்தன் முடிச்சா உனக்குத்தான் அசிங்கம்."

பிஷப்பின் கத்தரி நின்றது. வாட்சுக்காரரே தொடர்ந்தார்.

"அந்தத் தாசன் யாருன்னு அதே புத்தகத்துல முன்னாடியே பேர் சொல்லியிருக்கு. இஸ்ரவேல்னு. அடிபட்டது எங்க ஜனம். எங்கப்பா அப்படித்தான் வாசிச்சாரு."

"அப்ப நாங்க வாசிக்கிறது தப்பா?"

"அத நான் எதுக்குச் சொல்லணும்? உங்க முதல் ஆளுங்களும் எங்க ஆளுங்கதானே. குரு அடிபட்டுச் செத்ததப் பாத்துட்டு அந்தப் பக்கத்தத் திறந்தாங்க, அவர் முகம் தெரிஞ்சுது. நாங்க எங்க அடிய வாங்கிட்டுத் திறந்தோம், எங்க முகம் தெரிஞ்சுது. புரியலன்னு மட்டும் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை பிஷப்பு மேடை ஏறினார். "எனக்கு இதுல இயேசுதான் தெரியறாரு, சாகுற வரைக்கும் அப்படித்தான். எனக்கு முன்னாடியே இத வாசிச்சவங்க இன்னும் வாசிச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு வேற தெரியுது. புரியலன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல" என்றார். அதற்குமேல் ஒன்றும் வராததால் இறங்கிவிட்டார். இவ்வளவு சின்னப் பிரசங்கத்தைச் சபை கேட்டதில்லை. முன்வரிசை அம்மா ஒருவர், போதகரை அடிக்கடி வெளியூர் அனுப்பலாம் என்று சந்தோஷப்பட்டார்.

முடி வளர்ந்ததும் வாட்சுக்காரர் வந்து உட்கார்ந்தார். பிஷப்பு துணியைக் கட்டினார், தொண்டையைக் கனைத்தார்.

"பேசலாமா அண்ணே?"

"ரெண்டு பக்கமும் முடிச்சிட்டுப் பேசு."