கை நனைக்கப் போகாத கார்

எங்கள் வீட்டுப் பழைய காருக்கு மலை பிடிக்கும், உளுந்தூர்பேட்டை பிடிக்காது. இது அப்பா கண்டுபிடித்த உண்மை. நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள்; மேலே படித்திருந்தாலும் அப்போது இதை நம்பித்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து அத்தையை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்கு அது முனகாமல் ஏறும். அத்தை, அப்பாவின் தங்கை, மலைமேல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நானும் கூடப் போவேன். ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரம் இன்னும் இருக்கிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த வருஷம் உளுந்தூர்பேட்டையில் அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல ஜெபக் குடும்பம். அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது.

"வேலைய வுட்டுட்டு இன்னாண்ணா பண்றது?" என்று அத்தை கேட்டாள்.

"வூட்டப் பாத்துக்கினு இரு."

"அது எங்கண்ணா ஓடிடப் போவுது?"

அப்பா கை நனைக்க நாள் குறித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ஒருவேளை சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதை இருக்காது என்று அப்பா காரைத்தான் நம்பியிருந்தார்.

அந்த நாளுக்கு முந்தின வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து வந்து நின்ற கார், மறுபடி கிளப்பியபோது 'டக்' என்றதோடு சரி. அப்பா பானெட்டைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி, விளக்கு எரிகிறதா என்று சொல்வது என் வேலை. தப்பாகச் சொன்னால் கார் வெடித்துவிடும் என்று எனக்குப் பயம்.

"எரியுதா?"

"எரியிற மாதிரி இருக்குதுப்பா."

"மாதிரின்னா? எரியுதா, எரியலயா?"

"கம்மியா எரியுது. நான் ஒண்ணும் பண்ணலப்பா."

பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட் மலைக் குலுக்கலில் தளர்ந்திருந்தது. சின்ன ஸ்பானரால் முறுக்கியதும் கார் உறுமியது. அந்தச் சந்தோஷத்தில் அப்பா, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த அத்தைக்கு ஒரு பாடமே நடத்தினார்.

"மொதல்ல எர்த்தப் பாக்கணும். அப்பால ஃபியூஸு. அப்பால காயிலுக்குப் போற ஒயரு. இத்தத் தாண்டி ஒண்ணுமே கிடையாது."

"காயிலு எதுண்ணா?" என்றாள் அத்தை.

அப்பா பெருமையோடு தொட்டுக் காட்டினார்.

கை நனைக்கப் போகும் நாள் வந்தது. எல்லாரும் புதுத்துணியோடு ஏறி உட்கார்ந்தோம். 'டக்.' எர்த் போன வாரம்தான் முறுக்கியது, அதுவாக இருக்காது என்று அப்பா மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். எர்த்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம்; அதை முறுக்கச் சின்ன ஸ்பானரைக் காணோம்.

அடுத்த முறை கார் கிளம்பியது, ஹாரன் அடிக்கவில்லை. லாரி ரோட்டில் ஹாரன் இல்லாமல் போக முடியுமா? அப்பா வெகுநேரம் எர்த்தோடு போராடினார். பிறகு பார்த்தால், ஃபியூஸ் இருந்த இடத்தில் ஃபியூஸே இல்லை. குலுங்கி விழுந்திருக்கும் என்று வாசல் முழுக்கத் தேடினோம். எல்லாரையும்விட ஜாஸ்தி குனிந்து தேடியவள் அத்தைதான். வேறு ஃபியூஸ் கள்ளக்குறிச்சியிலிருந்து வருவதற்குள், வீட்டிலேயே ரசம் சோறு சாப்பிட்டுவிட்டோம்.

மூன்றாவது முறை அப்பா ஃபியூஸைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். காயில் ஒயர் கழன்று தொங்கியது அவர் கண்ணில் படுவதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. மூன்று முறை ஆக்கிய பிரியாணியைத் தெருவுக்குக் கொடுத்தாயிற்று. எலவனாசூர்கோட்டையில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

அப்பா படியில் உட்கார்ந்தார். "கர்த்தருக்குச் சித்தமில்ல போல."

"ஆமென்," என்றாள் அத்தை, மற்றவர்கள் வாய் திறப்பதற்குள்.

திங்கட்கிழமை ஒரே திருப்பில் கார் கிளம்பியது. மலைக்காற்று பேட்டரிக்கு நல்லது என்று அப்பா சொல்லிக்கொண்டே ஓட்டினார். நான் பின்சீட்டில் அத்தையின் பைக்குள் ஆரஞ்சு மிட்டாய் தேடினேன். பைபிளுக்கு அடியில் அப்பா தேடிக்கொண்டிருந்த சின்ன ஸ்பானர் இருந்தது. பக்கத்தில் ஒரு ஃபியூஸ்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை பையின் வாயை மெல்ல மூடினாள்.

"வழியில வேண்டி வரும்ல," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எனக்கு நெஞ்சே லேசாகிவிட்டது. எங்கள் வீட்டில் என்னைப் போலவே, வண்டி நின்றுவிடுமோ என்று பயந்து சாகிறவள் இன்னொருத்தியும் இருக்கிறாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பின்சக்கரத்தை எட்டிப் பார்க்காமல் மலை ஏறினேன்.