என்னை ஊருக்கு அனுப்பாத கடற்பாசி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு எந்நேரமும் ஊர் நினைப்புதான். அம்மா மடியில் தலை வைத்து வாய் வலிக்கப் பேச வேண்டும்போல இருக்கும்.

பேச்சுத் துணைக்கு ஆளில்லாததுதான் பெரிய குறை. பக்கத்து வீட்டு அக்கா செட்டி வம்சம். அவர்கள் முன்னோர் எந்தக் காலத்திலோ வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டில் மாரியம்மன் படம், பொங்கலுக்குப் பானையும் வைப்பார். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். முதல் நாள் நான் ஆசை ஆசையாய்த் தமிழில் அளந்துகொண்டே போக, அவர் சிரித்தபடி நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் பால் தொழிற்சாலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாலில் ஒரு பசையைக் கலந்தால் கெட்டிப் பால் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே தங்கும். அந்தப் பசைக்குத் தூள் சீமையிலிருந்து வர வேண்டும். அது பழுப்புக் கடற்பாசியில் எடுப்பதுதான், நம் கடலோரத்தில் ஒதுங்குவதிலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று இவர் துரையிடம் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருஷக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள், ஊருக்கே கப்பலேறிவிடலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய கூத்தெல்லாம். பாசியை அமிலத்தில் ஊறப்போடுவார், பிறகு காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிடுவார். கண் எரியும், நெஞ்சு கமறும். கழிவைக் கொட்டிய இடத்தில் நான் வைத்த பசலைக் கொடி கருகியே போனது. இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது தண்ணியாய் ஒரு சாறு. பாலில் ஊற்றினால் ஒன்றும் பிரியாது. அவர் கையெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். சோறு பிசைய முடியாமல் நான்தான் ஊட்டிவிடுவேன்.

ஒருநாள் காலை அக்கா வேலியோரம் வந்து கூப்பிட்டார். அதற்குள் அவருடைய மலாய் எனக்கு அரைகுறையாய்ப் புரியத் தொடங்கியிருந்தது. ஊறுகாய் போட இவரிடம் கொஞ்சம் இளம் பாசி வாங்கிப் போயிருந்தார். வாடை போக எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது அவர்கள் வழக்கம். ஊறியதை அலசி நல்ல தண்ணீர் ஊற்றுவதாக நினைத்து, பலகாரத்தில் சேர்க்கவென்று விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்து வைத்திருந்த சாம்பல் தண்ணீரை ஊற்றி அடுப்போரம் வைத்துவிட்டாராம். "ரோசாக் சுடா," எல்லாம் கெட்டுப்போச்சு என்று தலையில் தட்டிக்கொண்டு சட்டியைத் திறந்து காட்டினார். விரலை விட்டு எடுத்தேன். வெல்லப் பாகு மாதிரி கெட்டியாய் நூல் இழுத்தது.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. இவர் தேடி அலைகிற பசை இதுதான்.

சட்டியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். அக்காவுக்கு அது கெட்டுப்போன ஊறுகாய். கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வருஷக் கடைசியில் கப்பல். துறைமுகத்தில் அம்மா வந்து நிற்பாள். பகல் முழுக்க அந்தச் சட்டியை மூடி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன்.

சாயங்காலம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் சூடான சோற்றில் கையை வைத்தவர், சுரீரென்று இழுத்துக்கொண்டார். "எவ்வளவு நாளைக்குத்தான் நீ ஊட்டுவே?" என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ச் சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அதன் பிறகு அமிலமும் இல்லை, காஸ்டிக் சோடாவும் இல்லை. எலுமிச்சைச் சாறு, சாம்பல் தண்ணீர், இளஞ்சூடு, அவ்வளவுதான். கழிவு கொட்டிய இடத்தில் பசலை மறுபடி துளிர்த்தது. அக்காவும் எங்களோடு உட்கார்ந்து பழம் பிழிந்தார். கெட்டுப்போன ஊறுகாயை இவர்கள் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பால் பிரிந்தது. வேலையும் நிரந்தரமானது.

"ஊருக்குப் போகணும்னுதானே இருந்தே, ஏன் அந்தச் சட்டியைக் கொண்டுவந்து வச்சே?" என்று ஒருநாள் இவர் கேட்டார். "முதல்ல உங்க கை ஆறட்டும், அப்புறம் போகலாம்," என்றேன்.

கை ஆறியது. அப்புறம் பிள்ளைகள், அப்புறம் அவர்கள் படிப்பு. ஒருவழியாக நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது வீடு இருந்தது, அம்மா இல்லை. வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆறிய அந்தக் கையால்தான் இவர் என் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு பிசைந்து ஊட்டினார். அம்மாவை நினைத்து ஏங்காத நாள் எனக்கு இன்றும் இல்லை. ஆனால் அந்தச் சட்டி மறுபடி என் கைக்கு வந்தாலும், அழுதுகொண்டேயாவது அதை அவர் முன்னால்தான் வைப்பேன்.